சித்ரா பொம்மைக்கு அக்குள் இல்லை

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு அழைத்து எனக்குக் காபி கொடுத்தீர்கள். நல்ல காபி. அதன் பிறகு பெரிய திரையில் படம் போட்டுக் காட்டினீர்கள். குழந்தைகளுக்குப் பொம்மை விற்கும் ஒரு கம்பெனி இனி இளம்பெண்களுக்கு நாகரிக உடைகள் விற்கப் போகிறது, அதை வடிவமைக்கும் வேலை உங்களுக்கு வந்திருக்கிறது என்றீர்கள். "மேடம், இப்படி ஒரு ஐடியா நம்ம ஊர்ல யாருக்குமே வந்ததில்ல" என்றான் உங்களில் ஒரு தம்பி. எனக்குப் புரையேறிவிட்டது. பாவம், வயதானவள் என்று ஒரு பெண் ஓடி வந்து தலையில் தட்டினாள். அவளுக்கு நன்றி. ஆனால் புரையேறியதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை.

அன்று உங்கள் மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். நான் ஓய்வு பெற்றவள், என்னை யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது. அந்தச் சுகம் ஒரு நாள் உங்களுக்கும் கிடைக்கும், பொறுமையாக இருங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த பொம்மைக் கம்பெனியில் நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனியின் பெருமை சித்ரா. பதின்மூன்று அங்குல உயரம், படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிறுத்தினால் திறக்கும். அவளுக்கு வருடத்துக்கு ஆறு புது கவுன்கள். அவற்றை வெட்டுவது என் வேலை. தைப்பவர்கள் பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்குத் தலைவி பாக்கியம். ராயப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அவரைப் பாக்கியக்கா என்பேன். அவர் என்னை "மாஸ்டரு" என்பார். மரியாதையா கிண்டலா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் கட்டிங் மாஸ்டர் என்றால் மீசை வைத்த ஆள். வெட்டும் மேஜையில் ஒரு பெண் நிற்பதைப் பார்க்கவே பக்கத்துக் கடைக்காரர்கள் வருவார்கள்.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, பிளாஸ்டிக் கிலுகிலுப்பையில் ஆரம்பித்து, சித்ரா வரைக்கும் உயர்ந்தவர். தங்கமான மனிதர். அவருக்கு இருந்த ஒரே நோய் அவருடைய மைத்துனர். மைத்துனருக்கு தியாகராய நகரில் பெரிய ஜவுளிக்கடை. எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும், "அத்தான், பொம்ம யாவாரம் எப்படிப் போகுது?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்பார். அண்ணாச்சிக்குப் பந்தியில் சோறு இறங்காது.

இந்த நோய்க்கு மருந்தோடு வந்தவர் எங்கள் புது விளம்பர மேலாளர். மயிலாப்பூர்க்காரர்தான். ஆனால் பம்பாயில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு வந்ததால் நாங்கள் அவரைப் பம்பாய்க்காரர் என்றே அழைத்தோம். வந்த முதல் வாரமே ஒரு அட்டையில் இரண்டு படங்கள் வரைந்து அண்ணாச்சியிடம் காட்டினார். ஒன்றில் சித்ரா. இன்னொன்றில் அதே கவுனைப் பாதம் வரை நீட்டிப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு கல்லூரிப் பெண்.

"சின்ன வயசுல சித்ராவ வெச்சுண்டு விளையாடின கொழந்தேள்லாம் இப்போ காலேஜுக்குப் போயிண்டிருக்கா. அவாளுக்கு சித்ரா மாதிரியே மாக்ஸி போட்டுக்கணும்னு ஆசை இருக்குமோன்னோ? பம்பாய்ல இதத்தான் பண்ணிண்டிருக்கா" என்றார்.

கல்லூரிப் பெண்களிடம் அவர் இதை விசாரித்தாரா என்று நீங்கள் கேட்பீர்கள். விசாரித்தார். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரி பஸ் நிறுத்தத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்று, "உங்களுக்குப் பொம்மை பிடிக்குமா?" என்று கேட்டிருக்கிறார். மூன்றாவது பெண்ணோடு அவளுடைய அண்ணன் வந்திருந்தான். ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. முடிவுகள் ஊக்கமளிப்பதாக அண்ணாச்சியிடம் சொல்லப்பட்டது.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, பொம்மைக்கு வெட்டுத. பொண்ணுங்களுக்கு வெட்டியிருக்கியா?"

"வெட்டியிருக்கேன் அண்ணாச்சி."

பொய். அன்று நான் போட்டிருந்த ரவிக்கைகூட பாக்கியக்கா வெட்டித் தைத்துக் கொடுத்தது. ஆனால் 'இல்லை' என்று சொன்னால் அந்த மேஜைக்கு ஒரு மீசை வந்துவிடும். எனக்கு மறுபடி ஒரு வெட்டும் மேஜை இந்த ஊரில் கிடைக்காது. அந்தப் பயத்தில் சொன்ன பொய். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இந்தப் பொய்க்கு வால்.

கணக்கு எனக்குச் சாதகமாகவே இருந்தது. பதின்மூன்றை ஐந்தால் பெருக்கினால் அறுபத்தைந்து அங்குலம், அதாவது ஐந்தடி ஐந்து. இடுப்பை மட்டும் பெரிதாக்கினேன். பெருக்கிப் பார்த்தால் சித்ராவுக்குத் தென்னங்கன்றின் இடுப்பு. மற்றபடி பொம்மையின் வெட்டுதான். கையை ஒட்டிப் பிடிக்கும் சின்னக் கைக்குழி, பஃப் கை, முதுகில் மேலிருந்து கீழ் வரை அழுத்திப் பூட்டும் டிச் பட்டன்.

போட்டுப் பார்க்க ஓர் உருவம் வேண்டும் என்றேன். பம்பாய்க்காரர் மைத்துனர் கடையிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பொம்மையை இரவல் வாங்கி வந்தார். சைக்கிள் ரிக்‌ஷாவில், விழுந்துவிடாமல் இருக்க அதன் தோளில் கையைப் போட்டு அணைத்தபடியே, கோபாலபுரம் வழியாக, பள்ளிக்கூடம் விடும் நேரமாகப் பார்த்து வந்தார். ராயப்பேட்டை வரைக்கும் பிள்ளைகள் ரிக்‌ஷாவோடு ஓடி வந்தார்கள்.

ஜவுளிக்கடைப் பொம்மையின் கைகளைத் திருகிக் கழற்றலாம், தெரியுமல்லவா? கழற்றினேன். மாக்ஸியை மாட்டினேன். கைகளை மறுபடி திருகிப் பொருத்தினேன். அப்படி ஒரு கச்சிதம். ஒரு சுருக்கம் இல்லை. பம்பாய்க்காரர் இரண்டு அடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்து, "பர்ஃபெக்ட்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தத் தொழிலில் பாராட்டு வரும்போது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. நானூறு மாக்ஸிக்குத் துணியை வெட்டித் தள்ளினேன்.

முதல் கட்டுத் துணியைத் தைக்கும்போதே பாக்கியக்கா மிஷினை நிறுத்திவிட்டு என் மேஜைக்கு வந்தார். கைக்குழிக்குள் தன் கையை விட்டுக் காட்டினார்.

"இன்னா மாஸ்டரு இது? பொம்மைக்கு அக்குள் எங்க கீது? அத்தப் பாத்து இத்த வெட்டிக்கிறியே. இதப் போட்டுக்கினு பொண்ணு எப்டி பஸ்ல கம்பி புடிக்கும்?"

"இது பஸ்ல போறவங்களுக்கு இல்லக்கா. இது ஃபேஷன்" என்றேன். அந்தச் சொல்லை அப்போதுதான் கற்றிருந்தேன்.

பாக்கியக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, நான் தச்சிக்கினு போறேன். நீ மாஸ்டரு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அன்றைக்கே நான் எழுந்து போய் அவரை ஒரு மாக்ஸி போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. தெரியாததால் நான் அதைச் செய்யாமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். தெரிந்துவிடுமே என்றுதான் செய்யவில்லை.

நவராத்திரி வந்தது. பொம்மைக் கம்பெனிக்கு அதைவிட நல்ல நாள் ஏது? தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தார் பம்பாய்க்காரர். காண்ட்ராக்டரிடம் ஏழு மரப்படிகள் வாங்கி வெள்ளைத் துணி விரித்தார். படிக்கு ஒரு பெண்ணாக ஏழு பெண்கள் எங்கள் மாக்ஸியில் அசையாமல் நிற்பார்கள். உயிருள்ள கொலு! ஜவுளிக்கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து பார்ப்பார்கள். மைத்துனருக்கு முன்வரிசையில் நடுநாற்காலி, அவருக்குப் போர்த்த ஒரு பொன்னாடை. நானூறையும் அவரே வாங்கிவிட்டால், இனி எந்தப் பந்தியிலும் அண்ணாச்சி நிம்மதியாகச் சாப்பிடலாம்.

அந்தப் பெண்களைக் கூட்டி வந்தவள் அண்ணாச்சியின் மகள் வள்ளி. கல்லூரியில் இரண்டாம் வருடம். அவள் மேல்படி, மற்ற ஆறு பேரும் அவளுடைய தோழிகள்.

உள்ளறையில் முதல் பெண்ணுக்கு மாக்ஸி போட்டுவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். முதுகுப் பட்டன் தனியாகப் போட்டுக்கொள்ள எட்டாது. அதையாவது சமாளிக்கலாம். வள்ளி கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கினாள். தோள் உயரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"அக்கா, கை மேல போகல. இழுத்தா கிழிஞ்சிடும் போல இருக்கு."

ஏழு பேரையும் தூக்கச் சொன்னேன். ஏழு ஜோடிக் கைகளும் அதே இடத்தில் நின்றன. பெருக்கல் கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது.

பம்பாய்க்காரரிடம் ஓடினேன். நிறுத்திவிடலாம் என்று சொல்லத்தான் ஓடினேன், சத்தியமாக. அவர் சிரித்தார். "கொலு பொம்மை எங்கயாவது கையத் தூக்குமோ? பேசாம நிக்கச் சொல்லுங்கோ. ஆர்டர் வந்தப்புறம் பாத்துக்கலாம்."

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அட, இது சரிதானே என்று தோன்றியது. நெருக்கடியில் நமக்குச் சாதகமாக வரும் யோசனை எப்போதும் புத்திசாலித்தனமாகவே ஒலிக்கும். திரும்பிப் போய் ஏழு பெண்களிடமும், "யாரும் கையத் தூக்கக் கூடாது, சிரிச்சா போதும்" என்று சொன்னேன்.

திரை விலகியது. பொய் சொல்லக்கூடாது, கண்கொள்ளாக் காட்சி. மண்டபமே "ஆகா" என்றது. மைத்துனர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து துணியை உற்றுப் பார்த்தார். அண்ணாச்சியின் முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றுதான். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

அப்போது மைத்துனரின் மனைவி, வள்ளிக்கு அத்தை, எழுந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், கிள்ளி வைத்த மல்லிகைச் சரங்கள். நவராத்திரியில் ஏழு கன்னிப் பெண்கள் எதிரே நிற்கிறார்கள், பூக் கொடுக்காமல் போவாரா? முதல் படியில் நின்ற பெண்ணுக்குக் குங்குமம் கொடுத்தார். ஒரு முழம் பூவைக் கையில் வைத்தார்.

இந்த ஊரில் ஒரு பெண்ணின் கையில் மல்லிகைப் பூவைக் கொடுத்தால் என்ன செய்வாள்? யாரும் சொல்லித் தர வேண்டாம். இரண்டு கையையும் தூக்கிப் பின்னந்தலைக்குக் கொண்டுபோவாள். வருடம் முழுக்கத் தினமும் செய்வது. நானும் செய்வது. வெட்டும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. சித்ராவின் தலையில் பூ அச்சிலேயே வார்த்து வரும்.

அந்தப் பெண்ணின் முழங்கை மேலே ஏறத் தொடங்கியது. நான் செருப்பை உதறிவிட்டு மேடைக்கு ஓடினேன். "இரும்மா, நானே வெச்சு விடுறேன்" என்று பூவைப் பிடுங்கிச் சொருகினேன். இரண்டாம் படி, மூன்றாம் படி. அத்தை பூக் கொடுக்கக் கொடுக்க, நான் வாங்கி வாங்கிச் சொருகிக்கொண்டே ஏறினேன். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. பம்பாய்க்காரர் தானே ஏற்பாடு செய்ததுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஏழாம் படியில் வள்ளி. நான் கையை நீட்டினேன். அவள் பூவைக் கொடுக்கவில்லை.

"அக்கா, இங்க நீங்க வெச்சு விடுவீங்க" என்றாள் மெதுவாக. "வாங்கிட்டுப் போறவங்களுக்கு வீட்டுல யாரு வெச்சு விடுவா?"

இரண்டு கையையும் ஒரே வீச்சில் தூக்கினாள். இரண்டு பக்கமும் 'டர்'ரென்று கிழிந்த சத்தம் மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. கிழிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. நிதானமாகப் பூவைச் சொருகி முடித்துவிட்டுத்தான் கையை இறக்கினாள்.

அத்தை பதறிப்போய் மைத்துனருக்காக வைத்திருந்த பொன்னாடையை எடுத்து வந்து அவளுக்குப் போர்த்தினார். அண்ணாச்சி மேடை ஏறி வந்தார். முகம் கறுத்திருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் பம்பாய்க்காரர் முந்திக்கொண்டார்.

"தையல்ல கோளாறு சார். வம்பு பேசிண்டே மிஷின மிதிச்சா இப்படித்தான் ஆகும்."

மேடை ஓரத்தில் ஊசி நூலோடு நின்றிருந்த பாக்கியக்காவின் பக்கம் அண்ணாச்சி திரும்பினார். "ஏ பாக்கியம், எத்தன வருசமா எங்கிட்ட வேல பாக்க? நாலு பேரு முன்னால எம் பொண்ணு மானத்த வாங்கிட்டியே. நாளையில இருந்து நீயும் வராத, ஒன் ஆளுங்களும் வரவேண்டாம்."

பன்னிரண்டு வீடுகளில் அடுப்பு எரியாது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

பாக்கியக்கா கத்தவில்லை. வள்ளியிடம் போனார், பொன்னாடையைக் கொஞ்சம் விலக்கி, கிழிந்த இடத்தை அண்ணாச்சிக்குக் காட்டினார். "இத்தப் பாரு அண்ணாச்சி. தையல் அப்டியே நின்னுக்கினு கீது. பக்கத்துல துணிதான் கிழிஞ்சிக்கீது. தச்சவ குத்தம்னா தையல்தான் வுட்டுருக்கும்."

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். துணியோடு பிறந்த மைத்துனரும் வந்து பார்த்து, "ஆமா அத்தான், அந்தம்மா சொல்லுதது சரிதான். இது வெட்டுக் கோளாறு" என்றார்.

"அப்ப யாரு வெட்டுனது?"

பாக்கியக்கா என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மேஜை, என் கத்தரிக்கோல், பக்கத்துக் கடைக்காரர்களின் சிரிப்பு, எல்லாம் வரிசையாக வந்து போயின. பிறகு கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடப் பிள்ளைபோல. பாக்கியக்கா தைத்த ரவிக்கை. கை தாராளமாக மேலே போயிற்று.

"நீயாம்மா?" என்றார் அண்ணாச்சி. "யாரு மேலயாவது போட்டுப் பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன் அண்ணாச்சி. கடைப் பொம்மை மேல."

மைத்துனர்தான் முதலில் சிரித்தார். "அத்தான், பொம்மைக்கு வெட்டி, பொம்மைக்கே போட்டுப் பாத்துட்டு, பொண்ணுங்களுக்கு விக்க வந்துட்டீயளே!" மண்டபமே சிரித்தது. அண்ணாச்சி அந்தச் சிரிப்பில் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு வலிக்கும். எல்லாம் என் பொய்யால் வந்தது.

காப்பாற்றியவள் வள்ளிதான். "அப்பா, பாக்கியம்மாவ வரவேண்டாம்னு சொன்னத முதல்ல வாபஸ் வாங்குங்க. அக்கா மறுபடி வெட்டட்டும். இந்தத் தடவ எங்களுக்குப் போட்டுப் பாக்கட்டும்." அண்ணாச்சி மகளின் தோளில் பொன்னாடையைச் சரிசெய்தார். பிறகு பாக்கியக்காவைப் பார்த்து, "நாளைக்கு வந்துரு" என்றார். என்னைப் பார்க்காமலே, "நீயும்தான்" என்றார்.

தீபாவளிக்குள் நானூறு மாக்ஸியின் அக்குளையும் பிரித்து, நாலு மூலைத் துண்டு ஒன்று வைத்துத் தைத்தோம். யோசனை பாக்கியக்காவுடையது. அதற்குத் துணி ஏது? சித்ராவின் அந்த வருடத்துப் புது கவுன்களுக்காக எடுத்து வைத்திருந்த அதே துணிதான். அதனால் அந்தத் தீபாவளிக்கு சித்ரா போன வருடத்துப் பழைய சட்டையோடு கடைக்குப் போனாள். ஒரு குழந்தையும் புகார் சொல்லவில்லை. முதுகுப் பட்டனை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அக்கா தங்கை இருக்கும் வீடுகளில் மாக்ஸி நன்றாக ஓடியது.

பம்பாய்க்காரர்? அவருக்கென்ன, கல்லு மாதிரி இருந்தார். ஒரு பெண் இரண்டு கையையும் தூக்கி நிற்பதுபோல் படம் வரைந்து, 'சித்ரா மாக்ஸி – கையைத் தூக்குங்கள்!' என்று சுவரொட்டி அடித்தார். மயிலாப்பூர் மாடவீதியில் அதைப் பார்த்தவர்கள் ஏதோ புதுக் கட்சி என்று நினைத்தார்கள். அடுத்த வருடம் அவருக்குப் பெரிய கம்பெனியில் பெரிய வேலை கிடைத்தது. இதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். இப்படித்தான் நடக்கும்.

உங்கள் திரையில் நான் பார்த்த பெண்ணும் அழகாகத்தான் இருந்தாள். சுற்றிச் சுற்றிக் காட்டினீர்கள். ஒரு தடவைகூட அவள் கையைத் தூக்கவில்லை. இப்போது பெண்கள் பூ வைப்பதில்லை என்பீர்கள். சரி, மெட்ரோவில் கம்பி பிடிப்பதில்லையா? கொண்டை போடுவதில்லையா? கம்பெனியில் இருக்கும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, போட்டுப் பார்க்கச் சொல்லி, அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். "இன்னா மாஸ்டரு இது?" என்று யாராவது கேட்டால் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. பாக்கியக்கா ரொம்ப வருடம் என்னோடு வேலை பார்த்தார். அந்த மண்டபத்து விஷயத்தை ஒரு நாளும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சில வருடம் கழித்து, என் தங்கை கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அளவு எடுக்கக் கையைத் தூக்கி நின்றபோது, எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

"அக்கா, அன்னிக்கு நான் உடனே சொல்லியிருக்கணும். நாலு நொடி சும்மா நின்னுட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் அளவு நாடாவை என் அக்குளைச் சுற்றிக் கொண்டுவந்து, விரல் வைத்துப் பார்த்து, ஒரு விரல் தளர்த்தினார்.

"நாலு இல்ல, மாஸ்டரு. பதினொண்ணு" என்றார். "ஃபேனப் பாத்து எண்ணிக்கினுதான் நின்னேன்."